கறுவல் இருக்கலாம், போடியார் இருக்கக் கூடாதா?

மதிப்புக்குரிய அதிபருக்கும், ஒழுக்காற்றுக் குழு ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயற்குழுவினருக்கும்,

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரம் பெற்றோர் வட்சப் குழுவில் நீங்கள் போட்ட அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாணவர்கள் தங்கள் பால்நிலைக்கு ஒவ்வாத பட்டப்பெயர்களைப் பாடசாலைக்குள் பயன்படுத்துவதும் உடையில் அச்சிடுவதும் நமது பண்பாட்டுக்கு முரணானது, இன்று முதல் தடை என்று அதில் இருந்தது. கீழே நிறையப் பேர் கை கும்பிட்டிருந்தார்கள். சிலர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விடயமாக எனக்குத் தெரியவில்லை.

பாடசாலையின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நான் படித்த இடம் அது, இப்போது என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். யாருக்கு எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கு விடயம் தெரிந்தால் போதும்.

அந்த வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரீசேட்டின் முதுகில் பட்டப்பெயர் அச்சடிக்க வேண்டும் என்று இம்முறை பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். பெயர்ப்பட்டியல் எழுதி இல்லப் பொறுப்பாசிரியர்களிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகு காசு சேர்த்து, கல்முனையில் கொடுத்து அச்சடித்து எடுத்தார்கள். ரீசேட் கைக்கு வந்த பிறகுதான் உங்கள் அறிவித்தல் வந்தது. ஒழுக்காற்றுக் குழு பட்டியலைத் திரும்ப எடுத்து, ஐந்து பெயர்களைச் சிவப்புப் பேனையால் வெட்டியது. மூன்று பெண்பிள்ளைகள், இரண்டு பொடியன்கள். அந்த ஐந்து பேரையும் காலைக் கூட்டத்தில் முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்தினீர்கள். என் மகளிடம், "நீ பொம்பிளப் பிள்ளையா, பொடியனா? சொல்லு பார்ப்பம்" என்று ஒலிவாங்கியில் கேட்கப்பட்டது. முழுப் பாடசாலையும் சிரித்தது. அவள் தரம் 10. சின்னப் பிள்ளை என்றால் அழுதுவிட்டு மறந்துவிடும். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று கேட்டவர் யோசித்தாரா?

போட்டி நாளன்று ஐந்து பேரும் முதுகில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். நான் பெற்றோருக்குப் போட்ட கூடாரத்துக்குள் இருந்தேன். வெயிலுக்கு என் மகளின் டேப் இளகி ஒரு பக்கம் கழன்றுவிட்டது. 400 மீற்றர் ஓடும்போது அது பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அதை அமத்தப் பார்த்தாள். ஓடுகிற பிள்ளைக்குக் கை எதற்கு என்று உங்கள் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார்.

அதே நாள், அதே மைதானம். அணிநடையில் அவளுக்கு முன்வரிசையில் போன பொடியனின் முதுகில் "கறுவல்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் போனவனுக்கு "குண்டன்". சிறுவயதில் விபத்தில் கால் அடிபட்ட ஒரு பிள்ளை புள்ளி எழுதும் மேசையில் இருந்தான், அவன் முதுகில் "சொத்தியன்". இந்த மூன்று பெயரையும் உங்கள் சிவப்புப் பேனை தொடவில்லை. ஒரு பிள்ளையின் தோலையும் உடம்பையும் காலையும் பழித்த பெயர்கள் பண்பாட்டோடு ஒத்துப்போயின. என் மகளின் "போடியார்", அதாவது வயல் சொந்தக்காரரைக் கூப்பிடும் ஆண்பெயர், ஒத்துப்போகவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானே சொல்கிறேன். எங்களுக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொஞ்சம் வயல் இருக்கிறது. மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, வேளாண்மை வெட்டுக் காலத்தில் என் அப்பா அவளைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். வயல் குடிசையான வாடிக்குள் ஒரு பாயைப் போட்டு இருத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். இவள் சும்மா இருக்கமாட்டாள். மூட்டை கட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு மூட்டையையும் தனக்குக் காட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று அடம்பிடிப்பாள். காட்டாமல் ஏற்றினால் இறக்கச் சொல்லுவாள். வேலைக்கு வந்தவர்களும் அவளுக்கு ஏற்ற மாதிரி, "போடியார் பார்த்தாச்சா? ஏத்தலாமா?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். அன்று முதல் அவள் போடியார். ஒழுங்கைக்குப் போடியார், கடைக்காரருக்குப் போடியார், பாடசாலையில் எல்லே என்கிற மட்டைப்பந்து விளையாட்டு அணிக்கும் போடியார். "போடியார் அடி!" என்று பிள்ளைகள் கத்துவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இத்தனை வருடமாக யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயல் என் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கும் என் தங்கைக்கும். நாளைக்கு அதில் ஒரு பங்கு என் மகளின் பெயருக்குத்தான் எழுதப்படும். வயலுக்கு உரிய பிள்ளையைப் போடியார் என்று கூப்பிடுவதில் எந்தப் பண்பாடு குறைந்துபோகிறது?

பண்பாடு என்ற சொல்லை நீங்கள்தான் முதலில் எடுத்தீர்கள். அதனால் நம்முடைய இந்தக் கிழக்குக் கரையின் பண்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. கோயிலில் எந்தக் குடிக்கு எந்தப் பூசை என்று பார்க்கும்போது தாயின் குடியைத்தான் பார்ப்பார்கள். வீடு வளவு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழ் ஊர்களில் மட்டுமா? காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இப்படித்தான். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இது புதுமையாக இருக்கும். நமக்கு இது வாழ்க்கை. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று மற்ற ஊர்கள் போட்ட கோட்டை நமது முன்னோர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். வட்டவிதானையாராக இருந்தவர். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவரை ஊர் முழுக்கச் "சுபத்திரை" என்றுதான் கூப்பிட்டது. இளம் வயதில் கூத்தில் சுபத்திரையாக ஆடினவர். அந்தக் காலத்தில் கூத்தில் பெண் பாத்திரத்துக்கும் ஆண்கள்தான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் முகவெட்டையும் பார்த்துப் பாத்திரம் கொடுப்பார், கிடைத்தவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, களரி ஏறி, அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு போய் ஆடும்போது அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பெரியப்பா இறந்த அன்று அறிவித்தலில் முழுப்பெயருக்குக் கீழே அடைப்புக்குள் "சுபத்திரை" என்று போட்டார்கள். பிள்ளைகள்தான் போடச் சொன்னார்கள், இல்லாவிட்டால் படுவான்கரையில் யாருக்கும் ஆள் விளங்காது என்று. அவருடைய ஆண்மையைப் பற்றியோ மரியாதையைப் பற்றியோ அந்த ஊரில் ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை.

எங்கள் ஒழுங்கையில் வாவியில் வலை போடுகிற ஒரு முதியவர் இருந்தார். அவரைத் "தங்கச்சி மாமா" என்போம். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்று அவருடைய தாய் மூக்குக் குத்தி, சட்டை போட்டு, தலை பின்னி, "தங்கச்சி" என்று கூப்பிட்டு வளர்த்தார். தமிழர்களிடம் பழைய வழக்கம் இது, மூக்கன் என்ற பெயர் எப்படி வந்தது என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அவர் தங்கச்சிதான். கரையில் நின்று "தங்கச்சி மாமோவ்" என்று கூப்பிட்டால் வாவி நடுவில் தோணியில் இருந்து கை காட்டுவார். ஒரு தாய் தன் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த பெயர் அது. உங்கள் அறிவித்தலின்படி அது தடை செய்யப்பட வேண்டிய பெயர்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புத் திருவிழாவான தீப்பள்ளயத்துக்கு உங்களில் பலர் வருடா வருடம் போகிறவர்கள். பாரதக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் நீங்கள்தான். விராட நகரில் அருச்சுனன் ஒரு வருடம் பேடி உருவில் பிருகன்னளை என்ற பெயரோடு இருந்து உத்தரைக்கு நடனம் பழக்கினான். அந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது வில்வீரன் பெயர் கெட்டுப்போனான் என்றா சொல்கிறீர்கள்? நமது பாடசாலையே தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்துப் பழக்கியபோது பொடியன்கள் போதாமல் பெண்பிள்ளைகள் மீசை வரைந்து வீமனாகவும் துரியோதனனாகவும் ஆடினார்கள். நாங்கள் கை தட்டினோம். நீங்கள் அவர்களை மேடையில் வைத்துப் படம் எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டினீர்கள். படம் இன்னும் அங்கே இருக்கிறது.

அன்றாடப் பேச்சை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். மகளை "என்ட ராசா" என்று கொஞ்சாத தாய் இந்தக் கரையில் எத்தனை பேர்? அக்கரைப்பற்றில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய உம்மா கடைக்குட்டி மகளை "வாப்பா" என்றுதான் கூப்பிடுவார், அவள் உம்மாவின் தகப்பனைப் போலவே இருக்கிறாள் என்பதற்காக. சிவப்புப் பேனையால் வெட்டப்பட்ட மற்றப் பெயர்களில் ஒன்று "அம்மாச்சி". அது ஒரு பொடியன். அவனுடைய பையைத் திறந்தால் பிளாஸ்டர், ஊசி நூல், சட்டை ஊசி, சித்தாலேபத் தைல டப்பி எல்லாம் இருக்கும். வகுப்பில் யாருக்கு அடிபட்டாலும் பொத்தான் அறுந்தாலும் அவனிடம்தான் ஓடுவார்கள். அம்மாச்சியைப் போலப் பார்த்துக்கொள்கிறான் என்று வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவன் அதை விரும்பித்தான் ரீசேட்டில் போட்டான். காலைக் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பையை அவன் பாடசாலைக்குக் கொண்டுவருவதில்லை என்று மகள் சொன்னாள்.

பட்டப்பெயர் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கொல்லுகிற பட்டப்பெயர்களும் இருக்கின்றன. அதைத்தான் நீங்கள் பார்க்காமல் விட்டீர்கள்.

நமது பாடசாலையில் ஒரு பொடியன் பரதம் பழகினான். அவனுடைய தாயிடம் கேட்டு, அவர் எழுதச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவன் நடக்கும் விதத்தையும் பேசும் விதத்தையும் வைத்து, மற்றப் பொடியன்கள் அவனுக்கு ஒரு எண்ணைப் பெயராக வைத்தார்கள். எந்த எண் என்று எல்லோருக்கும் தெரியும். கணித பாடத்தில் விடை ஒன்பது என்று வந்தால் வகுப்பு முழுக்கத் திரும்பி அவனைப் பார்க்கும். ஆசிரியர் வரவு இலக்கம் கூப்பிட்டுக்கொண்டு போகும்போது எட்டு முடிந்ததும் ஒரு கணம் அமைதி, பிறகு பின்வாங்கில் இருந்து சிரிப்பு. அந்த இலக்கம் அவனுடையதுகூட இல்லை. தரம் 9இல் இருந்த அந்த வருடம் முழுக்க "உன்ட வகுப்புத்தானே" என்று கேட்டிருக்கிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் படித்துப் பட்டம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, சலங்கையைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டான்.

தாய் முறையிடப் போனார். என்ன பதில் கிடைத்தது தெரியுமா? "அவனைக் கொஞ்சம் ஆம்பிளப் பிள்ளை மாதிரி நடக்கச் சொல்லுங்க, எல்லாம் சரியாகும்." முறைப்பாட்டை யாரும் எழுதவில்லை. காலைக் கூட்டத்தில் யாரையும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. ஒலிவாங்கி அன்றைக்கு வேலை செய்யவில்லை போலும் என்று அந்தத் தாய் என்னிடம் சொல்லி அழுதார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்பாக வைத்து, பிள்ளை விரும்பி ஏற்றுக்கொண்ட பெயர் ஆண்பெயரா பெண்பெயரா என்று பார்த்து வெட்டினீர்கள். வெறுப்பாக வைத்து, பிள்ளை கதறக் கதறச் சொன்ன பெயரைப் பொடியன்களின் பகிடி என்று விட்டீர்கள். பெயர் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதை அளந்தீர்கள், அது பிள்ளையை என்ன செய்கிறது என்பதை அளக்கவில்லை. என் முறைப்பாடு முழுவதும் இவ்வளவுதான்.

உங்களில் ஒரு ஆசிரியை என்னிடம் நேரில் பேசினார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார் என்று நம்புகிறேன். "இப்பிடியே விட்டா நாளைக்குப் பிள்ளைகள் மாறிப்போகும், காலம் சரியில்லை" என்றார். பெற்றோர் குழுவில் கை கும்பிட்டவர்களில் பலருக்கும் இந்தப் பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. பட்டப்பெயர் ஒரு பிள்ளையை மாற்றாது. சுபத்திரைப் பெரியப்பாவையும் தங்கச்சி மாமாவையும் அது மாற்றவில்லை. சரி, ஒரு பிள்ளை உண்மையிலேயே மற்றப் பிள்ளைகளைப் போல இல்லாமல், தன்னை வேறுவிதமாக உணர்கிற பிள்ளையாக இருக்கிறது என்று வையுங்கள். அப்படிப்பட்டவர்கள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள், எப்போதும் இருந்தார்கள். 2016 முதல் இந்த நாட்டில் அவர்கள் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலேயே பெயரையும் பாலையும் மாற்ற வழி இருக்கிறது. அரசாங்கம் பத்திரத்தில் மாற்றிக் கொடுக்கிற ஒன்றுக்காக ஒரு பாடசாலை பிள்ளையை மேடையில் நிறுத்திச் சிரிக்க வைக்கலாமா? அந்தப் பிள்ளைக்குத்தான் உங்கள் பாதுகாப்பு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை.

கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகத்தான் தடை போட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். காலைக் கூட்டத்துக்கு முன்னால் என் மகளை யாரும் கேலி செய்யவில்லை. அதற்குப் பிறகு செய்கிறார்கள். "பொடியனா, பொட்டையா" என்று வாசலில் கேட்கிறார்கள், உங்கள் ஒலிவாங்கியில் கேட்ட அதே கேள்வி.

பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் எந்தச் செல்லப்பெயரும் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் வேறு கருத்தில்லை. என் தங்கையின் மகனை நாங்கள் எல்லோரும் "பொன்னி" என்று கூப்பிட்டோம். பிறந்தபோது அவ்வளவு வெள்ளை, அவ்வளவு அழகு. ஏழாம் வகுப்புக்குப் போனதும் ஒரு நாள் வந்து, வீட்டுக்குள் கூப்பிடலாம், வெளியில் வேண்டாம் என்றான். அன்றோடு வெளியில் நிறுத்திவிட்டோம். அவனுடைய அம்மம்மா மட்டும் அவனுடைய காதுக்குள் சொல்லுவார், அதற்கு அவன் சிரிப்பான். இதில் அதிபர் தலையிட எதுவுமில்லை, சங்கம் கூடத் தேவையில்லை. பிள்ளையைக் கேட்டால் பிள்ளை சொல்லும்.

பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கிற விடயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு ஏற்ற விதத்தில் இருக்க வேண்டும் என்று 28ஆம் உறுப்புரை சொல்கிறது. சிறுவர் தினத்தன்று இந்த உரிமைகளை மட்டையில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஊர்வலம் விடுகிறோம். என் மகளும் அந்த மட்டை பிடித்து நடந்திருக்கிறாள்.

இப்போது வீட்டில் நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் அப்பாதான் இன்னும் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் பாடசாலை வாசலுக்கு வருகிறார். காலைக் கூட்டத்துக்கு அடுத்த நாள் அவள் வாசலில் நின்று தன்னைப் போடியார் என்று கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொன்னாள். அவர் இப்போது பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் இருக்கிற முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நீளமான பெயர். பாதியில் தடுமாறி, திரும்பத் தொடங்குகிறார். பக்கத்தில் நிற்கிற பெற்றோர் அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வட்சப் குழுவில் போட்ட அந்த அறிவித்தலைத் திரும்பப் பெறுங்கள். அதே குழுவில், அதிபரின் பெயரோடு, எழுத்தில். வாய்மொழியாக "சரி, இனி பார்க்கலாம்" என்று சொல்வது போதாது, தடை எழுத்தில் வந்தது.

ஐந்து பிள்ளைகளையும் நிறுத்திய அதே காலைக் கூட்டத்தில், அவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை என்று பாடசாலை சொல்ல வேண்டும். அவர்களைத் திரும்ப முன்னுக்குக் கூப்பிட வேண்டாம். அவர்கள் தங்கள் வரிசையில் நிற்கட்டும். கேள்வி கேட்ட ஆசிரியர் அந்த ஐந்து பேரிடமும் தனியாகப் பேசி வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இனி உடையில் பட்டப்பெயர் அச்சடிக்க அனுமதிப்பதாக இருந்தால், ஆணா பெண்ணா என்ற அளவுகோலை எடுத்துவிடுங்கள். உரிய பிள்ளை தானாக விரும்பி எழுதிக் கொடுத்த பெயரா என்று தனியாகக் கேளுங்கள். நிறம், உடம்பு, ஊனம், சாதி, குடும்ப வறுமை ஆகியவற்றைப் பழிக்கும் பெயர் என்றால் பிள்ளையே சரி என்று சொன்னாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள், கூட்டத்துக்குப் பயந்து சரி என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகப் பட்டப்பெயரே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அது கறுவலுக்கும் போடியாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பரதம் பழகிய பிள்ளையின் தாய் கொடுத்த முறைப்பாட்டை இப்போதாவது பதிவு செய்யுங்கள். அவருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அந்த எண்ணை வைத்துக் கேலி செய்வது ஒழுக்கப் பிழை என்று வகுப்பாசிரியர்கள் எல்லா வகுப்பிலும் சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல், பின்வாங்கில் சிரிப்பு வரும்போது பாடத்தை நிறுத்தி அதைக் கேட்க வேண்டும்.

அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். மாணவத் தலைவர்களில் இருவரையாவது அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேச விடுங்கள். சங்கத்தில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: வட்சப்பில் கை கும்பிட்டவர்களும் வாருங்கள், உங்கள் பயம் என்ன என்று நேரில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இந்தத் தவணை முடிவதற்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இந்த மடலை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புவேன். ஒலிவாங்கியில் கேட்கப்பட்ட கேள்வியையும் பதிவு செய்யப்படாத முறைப்பாட்டையும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிப்பேன். பரதம் பழகிய பிள்ளையின் தாயும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தரம் 10 மாணவி ஒருவரின் தாய், பழைய மாணவி,
மட்டக்களப்பு